அறுத்த சங்கின் மிச்சம்

திருச்செந்தூரில் கோயிலை விட்டு வெளியே வந்தாலும், கன்னியாகுமரியில் படகுத்துறைக்குப் போனாலும், ஒரே மாதிரியான கடைகள்தான். சோழி தொங்கும் வாசல் திரை, சிப்பி ஒட்டிய முகம்பார்க்கும் கண்ணாடி, பெயர் பொறித்த சங்கு, இவற்றுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் முத்துமாலை. 'தூத்துக்குடி முத்து' என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு, சொல்லி விற்கிறவர்களும் உண்டு. தூத்துக்குடிப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மாலை பெரும்பாலும் சீனாவின் செஜியாங் மாகாணத்தில், சூஜி என்ற ஊரைச் சுற்றியுள்ள குளங்களில் வளர்ந்த நன்னீர் முத்து. அதைவிட மலிவு என்றால் கண்ணாடி மணி, அல்லது பிளாஸ்டிக்.

வலம்புரிச் சங்கின் கதை இன்னும் வேடிக்கையானது. மன்னார் வளைகுடாச் சங்கு இயல்பில் இடம்புரி; மிக அபூர்வமாக ஒன்று மாறிச் சுருளும், அதற்குத்தான் அந்த மதிப்பு. ஆனால் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் வேறொரு நத்தையினம் பிறவியிலேயே அந்தப் பக்கமாகச் சுருள்கிறது. அது கடல் கடந்து வந்து இங்கே வலம்புரியாகப் பூஜையறையில் உட்கார்ந்துவிடுகிறது. உள்தண்டில் மூன்று நான்கு மடிப்பு இருந்தால் நம் கடல் சங்கு. மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாமிக்குத் தெரியாதா என்று என் அம்மா கேட்பார். சாமிக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தகவல் இல்லை.

கொற்கை பற்றி வகுப்பில் பேசும்போது இதையெல்லாம் சொல்வேன். உடனே ஒரு பெருமூச்சு எழும். ரோமாபுரிக்கு முத்து அனுப்பிய மண்ணில் சீன முத்தா? கருத்தரங்குகளில் அந்தப் பெருமூச்சு சொற்பொழிவாகவே மாறும்: பாண்டியர், துறைமுகம், யவனர் பொன். இருபது வருடமாகக் கேட்டுவருகிறேன். இந்தப் பெருமிதத்தில் ராஜாக்கள் இருக்கிறார்கள், கப்பல்கள் இருக்கின்றன. சிப்பியைத் திறந்த கை இல்லை. அதனால் ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்ற கேள்வி வரும்போது நான் கடையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குப்பையைத் தேடத் தொடங்கினேன். வேலை நடந்த இடத்தில்தான் கழிவு கிடக்கும்.

இந்த வழியைக் காட்டியது அகநானூற்றின் 24ஆம் பாட்டு, ஆவூர் மூலங்கிழார் பாடியது. அதில் வேள்வி செய்யாத ஒரு பார்ப்பனர் அரத்தால் சங்கறுத்து வளை எடுக்கிறார். வளைகள் போனபின் மிஞ்சிய சங்கின் கொழுந்துதான் புலவர் கண்ணில் படுகிறது. விரியாத பகன்றை மொட்டு அதைப் போல இருக்கிறதாம். நகையை விட்டுவிட்டு நகை செய்தபின் கிடக்கும் துண்டைப் பார்த்திருக்கிறார். அதற்கு வெகுகாலம் பின், சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் கொற்கையில் அதே மாதிரியான அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். சங்கைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல் வெளிவந்தது. கொற்கை மண்ணுக்குள் கிடந்த அந்தக் கழிவுதான் இங்கே முத்து குளித்ததோடு நிற்காமல் வளையலும் அறுத்தார்கள் என்பதற்குச் சாட்சி. நக்கீரரைச் சங்கறுக்கும் குலத்தவர் என்று பிற்காலக் கதை சொல்வது நம் எல்லோருக்கும் சினிமா வழியாகத் தெரியும். தொழில் இருந்திருக்கிறது. பிறகு இடம்பெயர்ந்துவிட்டது.

பெயர்ந்துபோன இடம் வங்காளம். ஹார்னெல் காலத்தில் தூத்துக்குடிச் சங்கு மூட்டை மூட்டையாகக் கல்கத்தா போய், அங்கிருந்து டாக்காவின் சங்காரிகளிடம் சேர்ந்தது. அவர்கள் பிறைவடிவ ரம்பத்தால் அறுத்து, தேய்த்து, பூவேலை செய்து, மணமான பெண்ணின் கையில் ஏற்றும் 'சாங்கா' வளையாக்கினார்கள். கணவன் இறந்தால் அதை உடைக்க வேண்டும். 1947க்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பல மேற்கு வங்கத்துக்கு வந்தன. சங்கு இன்றும் இங்கிருந்தே போகிறது. வங்கப் பெண்ணின் சுமங்கலித்துவம் இந்தக் கடலில் மூழ்குகிற ஒருவரின் மூச்சில் தொங்குகிறது என்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 1905இல் சுதேசி இயக்கம் எழுந்தபோது அந்நியக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி எறியச் சொல்லி வங்கத்தில் பெண்களிடம் பாடினார்கள். கண்ணாடியைக் கழற்றிய கையில் மிஞ்சிய சங்கு வளைக்கு மூலப்பொருள் தந்தது நம் கடலும் இலங்கைக் கரையும். மறு ஆண்டு, 1906இல், தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தேசம் எதுவென்று கேட்கிற வேகம் அப்போது இரண்டு கரையிலும் இருந்தது. அதன் விலையைப் பெண்ணின் மணிக்கட்டிலிருந்து கழற்றச் சொல்வது எளிதாகவும் இருந்தது.

இது பழைய பழக்கம்தான். முதல் நூற்றாண்டில் பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமப் பேரரசிலிருந்து உறிஞ்சுவதாகக் கணக்குப் போட்டு, நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் ஆகும் செலவு இது என்று முடித்தார். லோலியா பாவுலினா என்ற சீமாட்டி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள மரகதமும் முத்தும் அணிந்து வந்ததை அவர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த நகை அவள் பாட்டனார் மாகாணங்களைச் சுரண்டிச் சேர்த்தது என்பதையும் அவரே சொல்கிறார். ஆனாலும் பழி நின்றது கழுத்தின் மேல்தான். அதே காலத்துக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்குவதாக ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. நம் பொற்கால உரைகளில் அந்த ஒரு வரியை நான் கேட்டதே இல்லை.

பெண் படகில் ஏறக் கூடாது. ஆனால் அவள் இல்லாமல் படகும் நகராது. முத்துக்குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது வழக்கம். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. காப்பீடு அவள் கழுத்தில் கிடந்தது. கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டு என்ற அடைப்பில் குவித்து அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று முடித்தபின், வள்ளத்தில் கடல்நீர் விட்டு அலசி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றம் பல காத தூரம் வீசும். காலராவும் கூடவே வரும். அலசி முடிந்த கசடைக் காயவைத்து, சலித்து, கடுகைவிடச் சிறிய தூள்முத்தைப் பொறுக்கும் வேலை பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வந்தது. மன்னாரில் 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அவ்வளவு சிப்பியின் கசடைக் குனிந்து பொறுக்கிய முதுகுகளை எண்ணிப் பாருங்கள். ஆணிமுத்து ஏலத்துக்குப் போனதற்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. தூள் பொறுக்கியவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

ஒரு நகை எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதைப் பிளந்தே காட்டியவள் நம் இலக்கியத்தில் ஒருத்தி உண்டு. பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான். அது அவன் கடல் முத்து. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. வெளிப்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் பொற்கொல்லனால் ஏமாற்ற முடிந்தது. கற்பின் வெற்றி என்று பாடம் நடத்தச் சொல்கிறது பாடத்திட்டம். நான் அதைப் பொருளின் மூலம் பற்றிய வழக்காகவும் நடத்துகிறேன். பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்றும் அந்தக் காப்பியமே சொல்கிறது. அரசனின் தவறான தீர்ப்புக்குத் தண்டனை கைவினைஞர் தெருவுக்குப் போனதை மாணவிகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். உரையாசிரியர்கள்தான் கொஞ்சம் தாமதம்.

இயற்கை முத்தின் சந்தையை உடைத்தது ஜப்பான். மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893இல் வளர்ப்பு முத்தை முதலில் எடுத்தார், அரைவட்ட முத்து. அவருக்காகக் கடலில் இறங்கிச் சிப்பி கொண்டுவந்தவர்கள் 'அமா' என்ற மூழ்கும் பெண்கள். இன்று டோபா நகரில் உள்ள அவர் பெயர் தாங்கிய தீவு ஒரு சுற்றுலா மையம்; வெள்ளுடை அணிந்த அமா பெண்கள் பயணிகள் முன் மூழ்கிக் காட்டுகிறார்கள், கடையில் முத்து விற்கிறது. ஜப்பானின் நினைவாக வாங்கிச் செல்லும் அந்த வளர்ப்பு முத்தின் நடுவே இருக்கும் கரு, காலங்காலமாக அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மட்டியின் ஓட்டில் கடைந்தது. நினைவுப்பொருளின் உள்ளே இன்னொரு நாடு இருக்கிறது. சூஜியின் நன்னீர் முத்துக்குக் கருகூட வேண்டாம். ஒரு மட்டியின் மெல்லிய சதையைத் துணுக்குகளாக வெட்டி, இன்னொரு மட்டியின் சதையைக் கீறி வரிசையாகச் செருகுவார்கள். ஒரே மட்டியில் பல முத்து. சில ஆண்டு வளரவிட வேண்டும். செருகும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. விரல் மெலிது, பொறுமை அதிகம் என்பதுதான் அங்கேயும் சொல்லும் காரணம். தீப்பெட்டி ஆபீசிலும் பீடிக் கடையிலும் இதே பாராட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விரலைப் புகழ்கிறவர்கள் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே குளத்து நீர் கெட்டு, மட்டி வளர்ப்புக்கே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. கழிவு கிடக்கும் இடம் இப்போது அது.

நாமும் முயலாமல் இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் நம் சிப்பியிலேயே உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார். பின்னர் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் நுட்பமும் கைவந்தது. பெரிய தொழிலாக அது வளரவில்லை. அந்த ஆராய்ச்சிக்கும் கடைவீதி மாலைக்கும் இன்றுவரை தொடர்பு ஏற்படவில்லை.

பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டமே யாரையோ அவமானப்படுத்தப் பிறந்தது. 1887இல் இங்கிலாந்து வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது, ஜெர்மன் சரக்கை மட்டமென்று காட்டுவதற்கு. 1889இல் இந்தியாவுக்கும் அப்படியொரு சட்டம் வந்தது. 1890இல் அமெரிக்கா தன் சுங்கச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. முத்துமாலையில் ஒட்டிய சிறு சீட்டு அந்த வம்சம். நாடு எது என்பதோடு அது நின்றுவிடும்.

தூத்துக்குடியில் வெளியிலிருந்து வந்ததை யாரும் வெளியூர் என்று நினைப்பதும் இல்லை. பனிமய மாதாவின் சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாக மரபு. ஆகஸ்டு 5ஆம் தேதி ஊரே கூடுகிறது, அவள் எங்கள் தஸ்நேவிஸ் மாதா. ஊரிலிருந்து உறவுக்காரருக்கு வாங்கிப்போகிற மக்ரூனின் பெயரும் அந்நியம், முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. முட்டை அடிப்பது மட்டும் நம் ஊர்க் கை.

கப்பல் எதிர்த்திசையிலும் போகிறது. அமெரிக்கக் கடற்கரை ஊர்களின் நினைவுப்பொருள் கடைகளில், அந்தக் கடற்கரையின் ஞாபகமாக வாங்கப்படும் சிப்பிகளிலும் சங்குகளிலும் கன்னியாகுமரிப் பக்கமிருந்து போனவை உண்டு. திருப்பூரில் பெண்கள் தைத்த பின்னலாடைகள் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் கப்பலேறுகின்றன. தைத்தவர் பார்க்காத ஊர்களின் பெயரோடு அவை எங்கோ தொங்கும். அங்கேயும் யாராவது, நம் ஊர் ஞாபகத்தை இந்தியாவில் செய்கிறார்களே என்று பெருமூச்சு விடக்கூடும். இங்கே 2001இல் பல சங்கு, சிப்பி இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தன. அரிதான வகைகளை எடுப்பது குற்றம். சாதாரண வகைகளில் வேலை தொடர்கிறது. அழுகிய சதையை நீக்குவது, அமிலத்தில் கழுவுவது, மெருகேற்றுவது, துளையிடுவது, கோப்பது, ஒட்டுவது. கோப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் வீட்டிலேயே, எண்ணிக்கைக் கூலிக்கு.

கன்னியாகுமரிக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை கோத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"வெளிநாட்டுக்குப் போவுதுன்னு சொல்லுவாவ டீச்சர். எந்த நாடுன்னு நமக்கு என்ன தெரியும்? அங்க கடல் இல்லியா, அவ்வளவுக்கு?"

கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்திருந்தது. முற்றத்தில் உடைந்த சிப்பித் துண்டுகளைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், மழைக்குச் சேறாகாமல் இருக்க.