நம் சீமைப் பாடசாலைகளில் ஊசியும் அகப்பையும்

தையல் என்னும் சொல் நம் மொழியில் தைக்கும் தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே உணர்த்தும். அடுக்களையோ பெண்ணுக்கே உரியது என்பர். அங்ஙனமாயினும், திருநெல்வேலிச் சீமைப் பாடசாலைகளுள் ஊசி புகுந்து நூறாண்டு கழிந்த பின்னரே அகப்பை புகுந்தது. இத்தாமதத்தின் காரணத்தை நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்றென்று கருதி இவ்வியாசத்தை வரையத் துணிந்தோம்.

ஊசியின் கதை நாகர்கோவிலில் தொடங்குகின்றது. அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்குட்பட்டிருந்த அவ்வூருக்கு 1819ஆம் ஆண்டில் வந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவியார் மார்த்தா அம்மையார், பெண்பிள்ளைகட்கு எழுத்தோடு லேஸ் பின்னுதலையும் கற்பித்தார். சிறு மெத்தையொன்றின்மேல் குண்டூசிகளை நாட்டி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்டொழில் அது. ஒரு சாண் நீளம் முடிய எத்தனை பொழுது சென்றிருக்கும் என்பதைப் பின்னியவரே அறிவர். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855ஆம் ஆண்டிலேயாம். அரசன் ஆணைக்கு முன்னரே ஊசி சிலரை விடுவித்தது என்பதை நம் பெண்மக்கள் நினைவிற் கொள்வார்களாக.

மார்த்தா அம்மையாரின் புதல்வி எலைசா அம்மையார் 1844ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தார். நாகர்கோவிலிற் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவராதலின், ஊர்ப்பெண்களோடு பழகுதல் அவருக்கு எளிதாயிற்று. அவர் நடத்திய பெண்கள் விடுதிப்பள்ளியில் தாய்வழி வந்த லேஸ் தொழிலும் இடம் பெற்றது. இடையன்குடி பொருநை நீர் எட்டாத தேரிக்காடு. நஞ்சையின் செழிப்பை அறியாது பனையையே நம்பிய பூமி. அங்கு ஒரு பெண் நிழலில் அமர்ந்து காசு ஈட்டுதல் புதுமையேயாகும். அவள் பின்னிய லேஸை அணிந்தவர் துரைசானிகள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பின்னர்ச் சாராள் தக்கர் பெயரால் தோன்றிய பெண்பள்ளி, பாளையங்கோட்டையில் 1895ஆம் ஆண்டில் கல்லூரியாக உயர்ந்தது. பெண் பாடசாலைகள் பலவற்றில் தையல் வழக்கமான பாடமாயிற்று. நாசரேத்தில் மார்காஷிஸ் ஐயர் 1878ஆம் ஆண்டில் நிறுவிய கைத்தொழிற் பள்ளியில் ஆண்பிள்ளைகளும் தொழில் பயின்றனர்.

இனி அகப்பைக்கு வருவோம். சமையலைத் தாயே கற்பிப்பாள், பள்ளி எதற்கு என்று பெற்றோர் எண்ணினர் என்பது ஒரு காரணம். அது மெய்யே, ஆயினும் அரைமெய். தைத்த துணியை எக்குலத்தாரும் விலைகொடுத்து வாங்குவர். சமைத்த சோற்றை எக்குலத்தாரும் உண்ணார். இதற்குப் பொருநைக் கரையே சான்று. வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டில் தொடங்கி, சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவர்க்குப் பெற்றோர் விருப்பப்படி உணவு தனியே இடப்பட்டது. காங்கிரஸ் பணம் 5,000 ரூபாய் பெற்ற நிலையத்தில் இப்பந்திபேதம் தகுமோ என வரதராசுலு நாயுடு அவர்களும் ஈ. வெ. இராமசாமியாரும் எழுப்பிய கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. அப்பூசல் அடங்குமுன்னரே, 1925 ஜூன் மாதத்தில், ஐயர் தம் மகளைக் காக்க முயன்று பாபநாச அருவியில் உயிர் துறந்தார். உண்ணும் பந்தியே இப்பாடு படுத்துமாயின், பல குலத்துச் சிறுமியர் ஓரடுப்பிற் சமைத்து ஒருவர் கைச்சோற்றை ஒருவர் சுவைத்துப் பார்க்கும் வகுப்பு எங்ஙனம் நடைபெறும்? பந்தி பிரித்தவர் ஒரு குலத்தில் மட்டும் இருந்தாரல்லர்.

1952–53ஆம் ஆண்டுகளில் இலட்சுமணசாமி முதலியார் தலைமையிற் கூடிய இடைநிலைக் கல்விக் குழு, உயர்நிலைப்பள்ளிக்கு வகுத்த ஏழு பிரிவுகளுள் மனையியலும் ஒன்றாயிற்று. ஊட்டமும் சுகாதாரமும் வரவுசெலவும் சமையலோடு சேர்ந்து பாடமாயின. கல்வியாக அது மேலானதே. ஆனால் ஒரு வேற்றுமையை நாம் நோக்கவேண்டும். லேஸ் வகுப்பு கூலியோடு வந்தது; சமையல் வகுப்போ பெரும்பாலும் இல்லறத்திற்கு ஆயத்தமாகவே வந்தது. கலியாணப் பந்திக்குச் சமைத்துக் கூலி பெற்ற தவசிப்பிள்ளைகளும், நெல்லையில் அல்வாக் கிண்டியவர்களும் பெரும்பாலும் ஆடவரே. காசு வரும் அடுப்பை ஆணுக்கும், காசு வாரா அடுப்பைப் பெண்ணுக்கும் ஒதுக்கியது எந்த நியாயமோ அறியோம். ஆண்பிள்ளைகளையும் அவ்வகுப்பில் அமர்த்தியிருப்பின் இக்கேள்வி எழுந்திராது.

நம் குடும்பங்களுட் சிலவற்றில் பாட்டிமார் பள்ளியில் தைத்த துணியோ, பின்னிய லேஸோ பழம்பெட்டியிற் கிடத்தல் கூடும். அதனை எடுத்துப் பார்க்கும் அன்பர்கள், தைத்தவர் பெயர், பள்ளி, ஆண்டு இவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைப்பார்களாக. அவ்வேலைக்குக் கூலி கிடைத்ததா, கிடைத்ததாயின் அக்காசு யார் கையிற் சேர்ந்தது என்பதையும் வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டுகின்றோம்.