தெனாலிராமன் அசைவூட்டத் தொடரும் நகைச்சுவை மொழிபெயர்ப்பும்

மொழியியலார்க்குக் கழக்கூட்டம் என்றதும் அதனை அடுத்த மேனங்குளத்தில் உள்ள பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி நினைவுக்கு வரும். அதே கழக்கூட்டத்தில், 1990இல் உருவான டெக்னோபார்க் வளாகத்தில், 1999இல் தொடங்கப்பெற்ற டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமன் கதைகளை அசைவூட்டத் தொடராக்கியது. அத்தொடர் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பாயிற்று. சிறுவரும் பெரியோரும் ஒருங்கே சுவைக்கும் இக்கதைகளின் நகைச்சுவை எவ்வாறு மொழி கடந்து செல்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிருஷ்ணதேவராயர் அவையோடு (1509–1529) இணைத்துப் பேசப்படும் தெனாலி ராமகிருஷ்ணர் தெலுங்கில் பாண்டுரங்க மாகாத்மியம் இயற்றிய புலவர். அவர் பெயரில் வழங்கும் கதைகளோ வாய்மொழியாகப் பரவித் தமிழ் முதலிய பிற மொழிகளிலும் வேரூன்றியவை. இவற்றின் நகைச்சுவையை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது செயல்நகை. கிணற்றில் நகைப்பெட்டி கிடப்பதாக நம்பிய திருடர் இரவெல்லாம் நீர் இறைத்து ராமனின் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றனர். இதற்குப் படமே போதும். மொழிபெயர்ப்பாளர்க்கு வேலை குறைவு.

இரண்டாவது சொல்நகை. செருக்குற்ற வெளியூர்ப் பண்டிதரிடம் ராமன் பட்டுத்துணியில் சுற்றிய 'திலகாஷ்ட மகிஷ பந்தனம்' என்னும் நூலைப் பற்றி வாதிட அழைக்கிறான். கேட்டறியாத பெயருக்கு அஞ்சிப் பண்டிதர் ஓடிவிடுகிறார். பிரித்துப் பார்த்தால் எருமைக் கயிற்றால் கட்டிய எள்ளுச் சுள்ளி! தொடக்கத்திலேயே பெயரை மொழிபெயர்த்துவிட்டால் நகை பிறக்குமுன் இறந்துவிடும். எனவே வடசொற்றொடரை அவ்வாறே விடுதல் வேண்டும். மூட்டை அவிழும் காட்சியே அதற்கு உரையாக அமையும்.

மூன்றாவது எழுத்துநகை. காளி அளித்ததாகக் கதை கூறும் 'விகடகவி' என்னும் பட்டம் முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படும். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தேவநாகரியிலும் இது பொருந்தும். உயிர்மெய்யே அங்கு அலகு. உரோமன் எழுத்தில் 'வி' என்பது வ், இ எனப் பிரிந்து, திருப்பும்போது 'இவ்' ஆகிவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடுதற்கு இடந்தந்ததும் இவ்வலகே என்பது கருதத்தக்கது.

ஆகவே அசைவூட்ட நகைச்சுவையை மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு நகையும் செயலிலா, சொல்லிலா, எழுத்திலா உயிர்வாழ்கிறது என முதற்கண் துணிதல் வேண்டும். செயல் தானே கடக்கும். சொல்லைப் படம் விளக்கும். எழுத்து மட்டும் எழுத்துமுறையின் எல்லையில் நின்றுவிடும். அவ்விடத்தில் சொல்லுக்குச் சொல் தேடாமல் புதியதொரு நகையைப் படைத்தலே மொழிபெயர்ப்பாகும்.