நீர் மறைத்த பாடலி

கயைக்கும் நாளந்தாவுக்கும் யாத்திரை செல்லும் நம்மவருட் பலர் பாட்னாவில் வண்டி மாறுவதோடு அமைகின்றனர். இறங்கிக் காண்போரும், "பாடலிபுத்திரம் எங்கே?" என்று ஏமாற்றத்துடன் திரும்புவதுண்டு. கற்கோபுரங்களைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு அந்நகர் எளிதிற் புலப்படாது. அது பெரும்பாலும் மரத்தால் எழுந்த நகர்.

நம் சங்கப் புலவர் அதனை நன்கறிவர். குறுந்தொகையில் படுமரத்து மோசிகீரனார், சோணையாற்றில் யானைகள் நீராடும் செல்வ நகராகப் பாடலியைக் காட்டுகிறார். இன்று அவ்வாறு நகருக்கு மேற்கே தொலைவில் கங்கையிற் கலக்கிறது. அக்காலத்திலோ நகரை அடுத்தே கலந்தது. கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸும் இரு பேராறுகள் கூடுமிடத்திலேயே நகரை வைக்கிறார். தென்கோடிப் புலவரின் சொல் அத்தூதரின் சான்றோடு ஒத்து நிற்பது வியப்பன்றோ!

மெகஸ்தனிஸ் எண்ணிய 64 வாயில்களும் 570 காவற்கோபுரங்களும் மிகையெனத் தோன்றலாம். எனினும் மரமதில் என்ற செய்தி பொய்யன்று. புலந்திபாகில் 1926-27-இல் அகழ்ந்தபோது இருவரிசையாக நாட்டிய பெருமரங்கள் வெளிப்பட்டன. ஈரமண்ணிற் காற்றுப்படாது புதைந்திருந்தமையால் ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவை மட்கவில்லை.

நந்தரின் செல்வத்தைக் கங்கை நீர் மறைத்ததென அகநானூற்றில் மாமூலனார் குறிக்கிறார். அச்செல்வம் நிற்க, மௌரியர் மண்டபத்தையே நீர் மறைத்த கதை நம் காலத்தது. கும்ராகாரில் 1913-இல் ஸ்பூனர், இரத்தன் தாதாவின் பொருளுதவியால் தோண்டி, 80 தூண் மண்டபத்தின் தடத்தைக் கண்டார். 1951 முதல் 1955 வரை மீண்டும் அகழ்வு நிகழ்ந்தது. பின்னர் நிலத்தடி நீர் ஊறிப் பெருகவே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடத்தை மண்ணிட்டு மூடினர். மூடியதைக் குறைகூறுவோர் உளர். மரத்தை முன்னர்க் காத்த ஈரம் கல்லையும் செங்கல்லையும் அரிக்கத் தொடங்கியபின் வேறு வழியில்லை என்பதே எம் கருத்து. ஆயினும் புல்வெளியைக் காட்டி, "இதன்கீழ் மண்டபம் உளது" என்றால், உடன்வரும் சிறுவர் நம்புவதெங்ஙனம்?

ஆதலின் அன்பர்கள் முதலில் அருங்காட்சியகம் செல்க. 1917-இல் தீதார்கஞ்சில் கங்கைக் கரையிற் கிடைத்த இயக்கி, நூறாண்டு பழைய பாட்னா அருங்காட்சியகத்திற்கு உரியவளாயிருந்து, 2017-இல் புதிய பீகார் அருங்காட்சியகம் சேர்ந்தாள். இதனை எதிர்த்தோரும் உண்டு. பழைய இடத்தில் தேடி அலைய வேண்டா. அவள் மௌரியர் காலத்தவளா, பிற்பட்டவளா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. இடக்கை இல்லை. வலக்கையிற் கவரி உளது. மணற்கல்லில் ஏற்றிய மெருகோ, கண்ணாடிபோல் இன்றும் ஒளிர்கிறது.