உரை எழுதிய கைகள்

1843இல் சார்லஸ் பாபேஜின் பகுப்பாய்வு எந்திரம் பற்றிய மெனப்ரியாவின் பிரெஞ்சுக் கட்டுரையை ஏடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அத்துடன் அவர் சேர்த்த குறிப்புகள் மூலத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டன. கீழே முழுப்பெயர் இல்லை, ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகள்தான். 1946இல் ஹார்வர்டின் மார்க் ஒன்று கணிப்பொறிக்கு இயக்கக் கையேடு வந்தது. அதை எழுதியதில் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர். இன்று இருவரையும் கொண்டாடுகிறோம். ஆனால், கட்டியதை விளங்கவைக்கும் அந்த வேலையை இன்னும் துணைவேலையாகவே எண்ணுகிறோம்.

துணைவேலைதானா? பைத்தான் மொழியைப் பார்ப்போம். 1991இல் வெளிவந்த அம்மொழியின் பரவலான வடிவம் சி மொழியில் எழுதப்பட்டது. வேகம் வேண்டுவோர் சி மொழியில் நீட்சிகள் எழுதி அதனோடு இணைக்கிறார்கள். அந்த இணைப்பு வாசலுக்கென்றே தனி ஆவணம் உண்டு.

பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை இடங்களில் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்திருக்கும். அது சுழியானால் பொருள் அழியும். பட்டியலிலிருந்து உறுப்பை எடுத்துத் தரும் 'பைலிஸ்ட் கெட்ஐட்டம்' தருவது இரவல். புதுப் பொருளை ஆக்கித் தரும் செயற்கூறு தருவது சொந்தம். இரவல் பாத்திரத்தைச் சொந்தமென்று நினைத்து விற்றுவிட்டால், உரியவர் தேடும்போது அது இருக்காது, நிரல் நொறுங்கும். சொந்தத்தை இரவலென்று எண்ணி அப்படியே விட்டுவிட்டால் நினைவகம் வீணாகிக்கொண்டே போகும். எது இரவல், எது சொந்தம் என்று சி மொழிபெயர்ப்பி எச்சரிக்காது. ஆவணத்தின் ஒற்றை வரிதான் சொல்லும்.

அந்த வரியையும் ஒருமுறை எழுதிவிட்டு ஓய முடியாது. 2024இல் வந்த 3.13 பதிப்பு, உறுப்பைச் சொந்தமாகவே தரும் புதிய செயற்கூறைச் சேர்த்தது. பழையதை நம்பி ஓடும் நிரல்கள் ஏராளம். எனவே இரண்டையும் விளக்க வேண்டும். வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பெருக்கிய வாசலை மறுநாளும் பெருக்குவது போன்ற வேலை இது. செய்தால் கண்ணில் படாது, செய்யாவிட்டால்தான் படும்.

பைத்தானின் மைய நிரலாளர்களில் முதல் பெண்ணாக மரியாட்டா விஜயா இடம்பெற்றது 2017இல். மொழி பிறந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆவணங்களுக்கென ஆசிரியர் குழு அமைந்தபோது அதிலும் அவர் இருந்தார். ஆவணம் பற்றி முடிவெடுக்கவும் ஓர் அவை வேண்டும் என்று ஏற்க அவ்வளவு காலம் பிடித்தது.

வகுப்பில் குழுவேலை கொடுத்தால், "உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு, நீ ரிப்போர்ட் எழுது" என்று மாணவியிடம் தள்ளுவதைப் பார்க்கிறேன். எழுதுங்கள், தோழியரே. மூன்று எழுத்தோடு நிறுத்தாமல், முழுப்பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.