மல்லனின் அரைத்துணி

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாடலில் வைத்திருக்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொரு கால் அவன் பின்புறம் செய்ய முயலும் சூழ்ச்சியைத் தடுத்து நிற்கிறது. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிடி புதிதாகத் தோன்றாது. ஆனால் அவன் அரையில் என்ன உடுத்தியிருந்தான் என்பதைப் புலவர் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி எனக்குள் எழக் காரணம் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. உறவுக்காரப் பையன், மதுரைக்குப் போய் இக்கலையைப் பயில்கிறான். “மாமா, எந்த ஷார்ட்ஸ் வாங்குறது?” என்று கேட்டான். என் அறிவின் மீது அவனுக்கு அப்படியொன்றும் மதிப்பில்லை. பணம் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சண்டைக்கான உடையைத் தேர்வதில் அழகு பின்னால் வருவது. எதிரியின் கை எதைப் பற்ற முடியும் என்பதே முதற்கேள்வி. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்பில் உடைக்கென்று ஓர் ஒழுங்கு இருந்ததாகவே தெரியவில்லை. ஒருவர் ஒற்றைக் கையில் மட்டும் குத்துச்சண்டை உறை மாட்டிக்கொண்டு வந்தார். வென்ற ராய்ஸ் கிரேசியோ ஜூடோ பாணியில் முழு அங்கி அணிந்திருந்தார். அந்த அங்கியின் துணி அவருக்கு ஆயுதமாகவும் பயன்பட்டது. பின்னர், 2000ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியில் உருப்பெறத் தொடங்கிய பொதுவிதிகள் அங்கியை விலக்கிக் காற்சட்டையைக் கட்டாயமாக்கின. எதிரியின் காற்சட்டையைப் பிடித்து இழுப்பதும் குற்றமென்று எழுதிவைத்தன. துணியைப் பற்றுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் கரிசல் காட்டில் அப்படியொரு சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. அரைஞாண் கயிற்றில் செருகிய நாலு விரற்கடை அகலத் துணியில் பற்றுவதற்கு என்ன இருக்கிறது? கமலை இறைத்தவரும் கிணறு வெட்டியவரும் அதோடுதான் நாளெல்லாம் உழைத்தார்கள். மல்லர்களின் லங்கோடு அதே துணியின் சற்றே அகன்ற, இறுக்கிக் கட்டிய வடிவம். தொடை முழு வீச்சில் விரியும். வியர்வையில் நனைந்தாலும் கனக்காது. இடையும் உறுப்பும் காக்கப்படும். பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனாரின் செல்வமெல்லாம் ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தராசில் ஏறியதைப் படிக்கும்போதெல்லாம், துணி வணிகரிடம் கேட்கச் சரியான பொருளைத்தான் இறைவன் கேட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன் இங்கே நினைவுக்கு வருகிறார். பின்னாளில் ரமண மகரிஷியாக உலகம் அறிந்த அவர், மதுரையில் படித்த நாட்களில் பந்தாட்டமும் நீச்சலும் மற்போரும் விரும்பிய, உடற்கட்டுள்ள பையன். விழித்திருக்கும்போது அவரை நெருங்க அஞ்சிய தோழர்கள், அவர் ஆழ்ந்து உறங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு மறுபடி படுக்கையில் போட்டுவிடுவார்களாம். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்த அவர், அய்யங்குளக்கரையில் தம் வேட்டியைக் கிழித்து ஒரு துண்டைக் கௌபீனமாக வைத்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிட்டார். பிறகொரு சமயம் அந்தக் கௌபீனம் கிழிந்தபோது, முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூல் உருவித் தைத்துக்கொண்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. மல்லனும் துறவியும் ஒரே துணியில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஆனால் அதே துணிதான் ஏழையின் அடையாளமாகி, ‘கோவணாண்டி’ என்ற வசையாகவும் ஆயிற்று. உழைப்பவன் மானம் காக்கத் தைத்த உடைக்கு மாறியதை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்ல மாட்டேன். பட்டாபட்டி டவுசர் வந்தது. எங்கள் பக்கத்துச் சடுகுடுக் களங்களில் நாடாவை இறுக்கிக்கொண்டு அதோடுதான் இறங்கினார்கள். பீடிக்கட்டும் சில்லறையும் கொள்ளும் அதன் பெரிய பைதான் அதன் பெருமை. இன்றைய போட்டி நடுவர் முதலில் ஆட்சேபிப்பதும் அந்தப் பையைத்தான்! எதிராளியின் விரல் அதில் சிக்கினால் முறியும்.

பையனுக்கு நான் சொன்னவை இவை. பை, ஜிப், உலோகக் கொக்கி எதுவும் கூடாது. நாடா உட்புறம் முடியப்பட வேண்டும். வெளியே ஒட்டுப்பட்டை இருக்கலாம். தொடையின் பக்கவாட்டில் பிளவும், கவட்டில் இழுபடும் துணியும் இல்லாவிட்டால் உதைக்கும்போது கிழியும். கடையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பார், முழங்காலை மார்புவரை தூக்கிப் பார், வெட்கப்படாதே. உள்ளே காப்புக் கிண்ணம் வைக்க இடமிருக்கட்டும். பயிற்சி முடிந்தவுடன் துவைத்துவிடு, ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்தால் படர்தாமரை நிச்சயம்.

“பருத்தி வேண்டாமா மாமா?” என்றான். தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் பருத்திச் சேலை நெய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோவண அகலத்துக்குப் பருத்தி போதும். முழங்கால்வரை நீளும்போது அது வியர்வையைக் குடித்துக் கனத்துத் தொடையில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டரில் கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸ் கலந்ததே நல்லது என்றேன்.

மூன்றாவது வாரம் கவட்டுத் தையல் விட்டுப்போயிற்று. கடைக்குத் திரும்பப் போகவில்லை. ஆச்சி நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்களாம். இப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறான்.