பெலாவைக் கலக்கிய பாடகர்

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் விடுதலை பெற்ற 1961ஆம் ஆண்டிலேயே, அதன் தலைநகரான ஃப்ரீடவுனில் 'ஹார்ட்பீட்ஸ்' என்னும் இசைக்குழு தோன்றியது. அதன் தலைவர் ஜெரால்டு பைன். மேடைக்கெனப் பூண்ட பெயர் ஜெரால்டோ பினோ. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையை, சிறப்பாக ஜேம்ஸ் பிரவுனின் பாட்டையும் ஆட்டத்தையும், அவர் தம் மேடையேற்றினார். வெறும் போலி என அதனை ஒதுக்கிவிட இயலாது. லைபீரியா, கானா எனச் சுற்றிய அக்குழு நைஜீரியாவின் லாகோஸ் நகரையும் அடைந்தது. அங்கு அவர் ஆடிப் பாடக் கண்ட பெலா குட்டி, அதுகாறும் ஹைலைஃப், ஜாஸ் இசையில் தோய்ந்திருந்தவர், தமக்கு இனி இடமில்லையோ என்று கலங்கினார். பிற்காலத்தில் அவரே இதனை ஒளிக்காது கூறினார். பெலாவின் 'ஆஃப்ரோபீட்' பிறக்க அக்கலக்கமும் ஒரு தூண்டுகோல். பெலாவின் பெயர் உலகெங்கும் பரவியது. பினோவோ நைஜீரியாவிலேயே தங்கி, 2008இல் போர்ட் ஹார்கோர்ட்டில் காலமானார்.