கன்னட நாட்டின் கீழைச் சீமை



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். ரயில்வே அலுவலகத்தில் விடுப்புப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் எழுதிப் பழகிய கைக்கு வரலாறு எழுத வருமோ என்று ஐயுற்றிருந்தோம். அந்நாளில் எம் இளைய மகன், பள்ளியில் ‘நம் மாநிலம்’ என்னும் பொருள் பற்றித் தான் எழுதிய கட்டுரையைக் கொணர்ந்து காட்டினான். அதில் மைசூர் அரண்மனை இருந்தது. ஜோக் அருவி இருந்தது. சந்தனமும் பட்டும் காப்பியும் இருந்தன. எழுத்துப் பிழைகூட இல்லை. “அப்பா, இதுல நம்ம ஊரு எங்கே வருது?” என்று கேட்டான். அன்று அவனுக்கு விடை கூற எம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கருநாடகம் என்று இன்று ஒரு சொல்லால் நாம் சுட்டும் மாநிலம், பண்டுதொட்டு ஒரே ஆட்சியின் கீழ் இருந்து வந்த நாடு அன்று. 1956 நவம்பர் 1 அன்று, ஐந்து வேறு ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்த பகுதிகளைச் சேர்த்து அமைத்தனர். பழைய மைசூர் இராச்சியம் ஒன்று. 1953இல் சென்னையிலிருந்து பிரிக்கப்பட்ட பல்லாரி முன்னமே அதனோடு சேர்ந்திருந்தது. பம்பாயிலிருந்து பெல்காம், பிஜாப்பூர், தார்வார், வடகன்னடம் ஆகிய மாவட்டங்கள் வந்தன. ஐதராபாத்திலிருந்து குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் வந்தன. சென்னை மாநிலத்திலிருந்து காசர்கோடு நீங்கிய தென்கன்னடமும், கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகாலம் தாலுகாவும் வந்தன. குடகு தனி மாநிலமாயிருந்து வந்து சேர்ந்தது.

சேர்ந்த வீட்டுக்குப் பெயர் வைப்பதிலேயே மனத்தாங்கல் ஏற்பட்டது. மைசூர் என்ற பெயரே நீடித்தமையால், ‘நாங்கள் மைசூர்க்காரர் அல்லோம்’ என்று வடபகுதியார் வருந்தினர். பழைய மைசூரிலும் பலர் இவ்விணைப்பைத் தயக்கத்துடனேயே நோக்கினர். முன்னேறிய நம் நாடு வறண்ட வடக்கின் சுமையையும் தாங்க வேண்டுமோ என்பது அவர்தம் அச்சம். கெங்கல் ஹனுமந்தையா போன்றோர் அத்தயக்கத்தை மீறி நின்று இணைப்பை ஆதரித்தனர். கருநாடகம் என்ற பெயர் 1973 நவம்பர் 1 முதல்தான் வழங்கலாயிற்று. அதாவது, நம் மாநிலத்தின் பெயரைவிட நம்முள் பலருடைய வயது அதிகம்.

இந்நாட்டின் நிலவேறுபாட்டை விளக்கத் தமிழராகிய நமக்குக் கைவந்த அளவுகோல் ஒன்று உண்டு. அதுவே ஐந்திணை. மங்களூர், உடுப்பி, கார்வார் ஆகிய கடற்கரைச் சீமை நெய்தல். அங்கே துளுவும் கொங்கணியும் வீட்டு மொழிகள். சிவப்புப் புழுங்கலரிசியும் தேங்காயும் மீனும் உணவு. இரவெல்லாம் ஆடும் யட்சகானம் அவர்தம் கலை. அதற்குக் கிழக்கே எழும் மலைநாடும் குடகும் குறிஞ்சி. பாக்கும் ஏலமும் காப்பியும் விளையும் அச்சீமையில் ஆகும்பே என்னும் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் கோலாரிலோ 750 மில்லிமீட்டர் பெய்தால் ‘நல்ல மழை’ என்று கூறி மகிழ்கிறோம்! காவிரிக் கால்வாய் பாயும் மாண்டியா மருதம். வடக்கே பிஜாப்பூர், குல்பர்காப் பகுதியைப் பாலை என்று கூறிவிட எம் மனம் முந்தியது. ஆயினும் அது பிழை. மழை குறைவேயன்றி மண் வளமானது. அக்கரிசல் மண்ணில் சோளமும் பருத்தியும் துவரையும் செழிக்கின்றன. துங்கபத்திரை அணையின் நீர் 1953 முதல் பாயத் தொடங்கியதும், அதே வறண்ட சீமையில் சிந்தனூரும் கங்காவதியும் நெற்களஞ்சியங்கள் ஆகிவிட்டன.

நூலறிவினும் பட்டறிவு பெரிது. எம் பெங்களூர்க் கோட்டம் முன்னர்ச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வேயில் இருந்தது. 2003இல் தென்மேற்கு ரயில்வே அமைந்த பின் எம் தலைமை அலுவலகம் ஹுப்பள்ளி ஆயிற்று. இலாகாத் தேர்வொன்றின் பொருட்டு முதன்முறை அங்கே சென்றோம். கன்னடம் நன்கு பேசுவோம் என்ற செருக்கு எமக்குண்டு. இறங்கிய அரை மணியில் அச்செருக்கு அடங்கிற்று. நம் பக்கத்தில் விருந்தினரை வரவேற்கும் ‘பன்னி’ என்னும் சொல்லைக் கேட்டுத் தமிழ்நாட்டு உறவினர் முகம் சுளிப்பதும், பின் பொருளறிந்து சிரிப்பதும் நாம் அறிந்ததே. ஹுப்பள்ளியிலோ அச்சொல்லே இல்லை, ‘பர்ரி’ என்றார்கள். எதற்கும் ஒரு ‘ரி’ சேர்த்து மரியாதை செய்தார்கள். உணவு விடுதியில் காகிதம் போன்ற சோள ரொட்டியும், எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் கறியும், நிலக்கடலைப் பொடியும் வந்தன. கேழ்வரகு முத்தே உண்டோ என்று கேட்டோம். பரிமாறியவர் எம்மை ஏற இறங்க நோக்கி, “நீங்கள் மைசூர்ப் பக்கமோ?” என்றார். அன்று எம்மைத் தமிழர் என்று அவர் கருதவில்லை; தெற்கத்தியார் என்றே கருதினார். அது எமக்குப் புதிய செய்தியாயிருந்தது.

அக்கேழ்வரகைப் பற்றி இங்கே சற்று நின்று கூற வேண்டும். நம் வீட்டில் களி என்கிறோம். கன்னடர் முத்தே என்கின்றனர். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர் சங்கட்டி என்கின்றனர். வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர், கோலார் ஆகிய அத்தனை சீமைகளிலும் உழவன் வீட்டு அடுப்பில் துடுப்புக் கொண்டு கிண்டப்படும் பண்டம் அது ஒன்றே. ஆட்சி எல்லைகளை 1956இல் மொழி பார்த்து வரைந்தனர். கேழ்வரகோ செம்மண்ணையும் மழையையும் பார்த்துத் தன் எல்லையை எப்போதோ வரைந்துகொண்டுவிட்டது. அவ்வெல்லைக்குள் ஹுப்பள்ளி இல்லை, ஆம்பூர் இருக்கிறது.

இனி, நம் கீழைச் சீமையின் வரலாற்றுக்கு வருவோம். கோலாருக்குக் குவளாலபுரம் என்பது பழம்பெயர். கங்க மன்னர்களின் தொடக்கத் தலைநகர் அது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது சோழர் கைப்பட்டது. நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயரும் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் உள்ளன. இம்மாவட்டத்துக் கல்வெட்டுக்களை பி. எல். ரைஸ் என்னும் ஆங்கிலேயர் 1905இல் தனித் தொகுதியாக வெளியிட்டார். கன்னடமும் தமிழும் தெலுங்கும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பிஜாப்பூர்ச் சுல்தானின் படை தெற்கே வந்தபோது, பெங்களூரோடு கோலாரும் சத்திரபதி சிவாஜியின் தந்தை ஷாஹாஜியின் கைக்கு வந்தது. ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டை நம் பங்காருப்பேட்டைக்கு அண்மையில் உள்ள ஊரே. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அன்றைய கோலார் மாவட்டத்தில் தெலுங்கு பேசுவோரே பாதிக்கு மேற்பட்டிருந்தனர். ஆகவே, கன்னட நாட்டின் இம்மூலையில் பல மொழி வழங்குதல், சுரங்கம் தோண்ட வந்தவர் கொணர்ந்த புதுமை அன்று.

தங்கத்தின் கதையை நம் சங்கத்தார் பலமுறை எழுதியுள்ளனர்; ஆதலின் விரைந்து கடப்போம். 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் இங்கே பொன் உண்டென்று அறிந்தார். 1873இல் லவெல் என்னும் ஐரிஷ் நாட்டுப் போர்வீரர் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டனார்கள் மூட்டை முடிச்சுடன் வந்தனர். 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. ஐந்திணைக்குள் அடங்காத ஒரு நிலம் நம் ஊரில் உண்டென்பதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். சாம்பியன் சுரங்கத்தில் 10,000 அடிக்கும் கீழே நம் முன்னோர் வேலை செய்தனர். அவ்வெப்பத்திற்கும் இருளுக்கும் தொல்காப்பியர் பெயரிட்டாரல்லர்.

வந்தவர் உழைப்பதோடு நின்றாருமல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் தென்னிந்திய பௌத்த சங்கத்திற்கு 1907இலேயே இம்மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்த பின், அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை 1926 முதல் இத்தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் நடத்தினார். சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர் கூடிப் படித்த ஏடு அது. கருநாடகத்தின் பண்பாட்டு வரலாறு எழுதுவோர் தார்வாரின் வித்தியாவர்த்தக சங்கத்தை மறவாமல் குறிக்கின்றனர். மாரிகுப்பத்தையும் ஒரு வரி குறித்தால் குறைந்தா போய்விடும்?

இனிக் கூறுவது எம் மகனைப் பெரிதும் வியக்க வைத்த செய்தி. நம் சுரங்கங்களுக்கு ஆற்றல் வேண்டி, காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பி இழுத்து, 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று அது. பெங்களூர் நகரம் மின்விளக்கு ஏற்றியது 1905இல்தான். ஆனால் கோடையில் காவிரி மெலியும், மின்சாரம் குறையும், சுரங்கம் தவிக்கும். நீரைத் தேக்கி ஆண்டு முழுதும் சீராக விட வேண்டும் என்ற தேவை எழுந்தது. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்கு அத்தேவையும் முக்கியமான காரணங்களுள் ஒன்று. அவ்வணையின் கால்வாயால்தான் வறண்டு கிடந்த மாண்டியா, கரும்பும் நெல்லும் விளையும் மருதம் ஆயிற்று. குடகில் பிறந்த ஆறு, மாண்டியாவில் தேங்கி, நம் ஊரின் இருட்சுரங்கத்தில் விளக்கெரித்தது.

அக்காவிரியின் பெயரால் 1991 டிசம்பரில் நடந்ததும் எமக்கு நினைவிருக்கிறது. நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டபோது, எம் சிற்றப்பா குடும்பத்தினர் இரவோடிரவாக ரயிலேறி வந்து எம் வீட்டுத் திண்ணையில் தங்கினர். யாம் அப்போது சிறுவர். சித்தியின் கையில் ஒரு குக்கரும் குழந்தையும் மட்டும் இருந்தன. இரண்டு வாரம் சென்றபின் திரும்பிச் சென்றனர். அவர்களுடைய பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் அதுவரை வீட்டுச் சாவியைக் காத்திருந்து கொடுத்தாராம். கலவரம் செய்தவரும் கன்னடம் பேசினர்; சாவியைக் காத்தவரும் கன்னடமே பேசினார். இதையும் எம் மகனுக்குச் சொன்னோம்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. எம் தந்தையார் தம் விளக்கை ஒப்படைத்துவிட்டு வந்து நெடுநேரம் பேசாதிருந்தார். அன்று முதல் நம் பிள்ளைகளுக்குப் பெங்களூரே சுரங்கம். விடியலில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் வண்டியே ‘ஷிப்டு’. கருநாடகம் என்றால் அவர்களுக்குப் பெங்களூர் மட்டுமே கண்ணில் படுகிறது. மாநிலத்தின் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த நஞ்சுண்டப்பா குழு 2002இல் அளித்த அறிக்கையில், அன்றிருந்த 175 தாலுகாக்களுள் 114 பின்தங்கியவை எனக் கண்டது. அவை வடக்கில் மட்டுமல்ல, தெற்கிலும் பலவாயிருந்தன. ஐதராபாத் பகுதிக்குப் பின்னர் அரசியல் சட்டத்தில் தனிப்பிரிவே சேர்க்கப்பட்டது. நம் கீழைச் சீமைக்கு அத்தகைய பெயரும் இல்லை, பிரிவும் இல்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே சென்று வற்றின. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து நம் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். பெங்களூருக்கு நாம் ஆளை அனுப்புகிறோம்; அது நமக்குத் தான் பயன்படுத்திய நீரை அனுப்புகிறது!

ஏரி என்றதும் பாலாற்றைச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. நந்திமலைப் பக்கத்தில் தோன்றும் அவ்வாறு கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் வழியில் உள்ள பேத்தமங்கலம் ஏரியின் நீரையே தங்கவயலார் நெடுங்காலம் பருகினர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலாற்று ஊற்றில் நீர் மொண்ட நம் பாட்டிமார், இங்கே வந்து குழாயில் பிடித்ததும் அதே ஆற்றின் நீரைத்தான். அப்போது அதை அறிந்தவர் எத்தனை பேரோ! 1892இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட நதிநீர் ஒப்பந்தத்திலும் பாலாறு இடம்பெற்றுள்ளது.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தது. எம் மகனை மிதிவண்டியின் பின்னால் ஏற்றிச் சென்று காட்டினோம். கலங்கலில் நீர் வெண்மையாக இறங்குவதை அவன் முதன்முறை பார்த்தான். சில நாள் கழித்து ஆம்பூரிலிருந்து எம் மாமனார் தொலைபேசியில் அழைத்தார். “மாப்பிள்ளை, உங்க ஊர்த் தண்ணி எங்க பாலத்தைத் தொட்டுக்கிட்டு ஓடுது” என்றார். தொலைபேசியைப் பையனிடம் கொடுத்தோம். அவன் “தாத்தா, அதை நான் இங்கேயே பார்த்துட்டேன்” என்றான்.